கை கால் ஆடுதா என்று மட்டும் கேட்காதீர்கள்

எங்கள் ஊரில் படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சாத்துக்குடிப் பையை மேஜை மேல் வைத்துவிட்டு, "கை கால் ஆடுதா?" என்பார்கள். வீட்டுக்காரர், "ஆடுதுங்க. கையைத் தூக்குறாரு, காலை நல்லா மடக்கி நீட்டுறாரு" என்று சொன்னால் எல்லோர் முகமும் தெளிந்துவிடும். "அப்ப ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. எழுந்து உட்கார்ந்துடுவாரு பாருங்க" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். முத்தியால்பேட்டையிலிருந்து முதலியார்பேட்டை வரை எத்தனையோ வீடுகளில் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் இது பாதிக் கேள்வி. "முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல தோல் எப்படி இருக்கு? இன்னிக்குப் பார்த்தீங்களா?" என்பது மீதிப் பாதி. அதை யாரும் கேட்பதில்லை. கேட்டால் நாகரிகமில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நாகரிகத்தைப் பற்றித்தான் இன்றைக்குக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) எண்பதைத் தாண்டியவர். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. மகன் நல்ல பையன், செலவுக்குத் தயங்கியவன் இல்லை. தினமும் காலையில் பிசியோதெரபிஸ்ட் வந்து அரை மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். மீதி நேரத்தில் பெரியவரே படுத்தபடி கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவார், பட்டாளத்தில் டிரில் எடுப்பது போல "அன், தெ, த்ருவா" என்று எண்ணிக்கொண்டு. பார்க்கப் போனவர்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். கை ஆடுகிறது, கால் ஆடுகிறது, வாயும் ஆடுகிறது!

மூன்றாவது வாரம் அறையில் ஒரு வாடை. டயபர் வாடை என்று நினைத்தார்கள். அடுத்த நாள் யாரோ ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்தபோது வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் புண். நடுவில் கறுப்பு. அதன் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. முறிந்த எலும்பு கூடிவிட்டது, புண் கூடவில்லை. ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளை அந்தப் பையன் என்னிடம் காட்டினான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் தாள்களோடு குடும்பம் நடத்தியவன் நான். எந்தத் தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படிப்பது என் வியாதி. மாத்திரைகள் ஏழு வரி. மறுபடி வர வேண்டிய தேதி ஒரு வரி. பயிற்சி தொடர வேண்டும் என்று ஒரு வரி. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள் என்று ஒரு வரி இல்லை. எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு வேறு வேறு இடங்களில் கொடுத்த நாலைந்து தாள்களைப் பார்த்தேன். அவற்றிலும் அந்த வரி இல்லை.

காலை ஆட்டினால் ரத்தம் ஓடும் என்பது பொய்யா? பொய்யில்லை. எங்கே ஓடும், எப்போது ஓடும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். சியான்ஸ் நாத்துரேல் வகுப்பில் எங்கள் முசியே கரும்பலகையில் ஒரு முயல் படம் போடுவார். முயல் சுமாராகத்தான் இருக்கும், காது மட்டும் பிரமாதமாக வரும். குளோத் பெர்னார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1851-இல் செய்த சோதனையை விளக்குவதற்கு அந்தக் காதுதான் முக்கியம். அவர் முயலின் கழுத்தில் ஒரு பக்கத்து நரம்பை வெட்டினார். அந்தப் பக்கக் காது மட்டும் சிவந்து சூடேறிவிட்டது. மறு வருஷம் அதே நரம்பில் மின்சாரம் செலுத்தியபோது காது வெளுத்துக் குளிர்ந்தது. அதாவது, தோலுக்குப் போகும் சின்னக் குழாய்களுக்கெல்லாம் நரம்பு ஒரு திருகு போல இருக்கிறது. எந்தத் திருகை எப்போது திறப்பது, மூடுவது என்பதை உடம்பே முடிவு செய்கிறது. நாம் காலை ஆட்டிவிட்டோம் என்பதற்காக எல்லாத் திருகையும் அது திறந்து விடுவதில்லை.

கையோ காலோ உழைக்க ஆரம்பித்ததும் உடம்பு என்ன செய்யும் தெரியுமா? உழைக்கிற தசைக்கு ரத்தத்தைத் திருப்பும். அதற்காக மற்ற இடங்களில், தோல் உள்பட, திருகைக் கொஞ்சம் இறுக்கும். முதல் பந்தி தசைக்கு. உழைப்பு தொடர்ந்து உடம்பு சூடான பிறகுதான், அந்தச் சூட்டை வெளியே விடுவதற்காகத் தோலின் குழாய்கள் திறக்கும். கடற்கரைச் சாலையில் வேகமாக நடக்கிறவர்கள் கவனித்திருப்பீர்கள்: புறப்பட்ட உடனே வியர்ப்பதில்லை, முதுகு நனைவது காந்தி சிலையைத் தாண்டி ஒரு சுற்று முடிந்த பிறகுதான்.

இது தானாக நடக்கிற ஆளின் கதை. படுத்திருக்கிறவருக்கு அடுத்தவர் காலை மடக்கி நீட்டி விடும்போது தசை பெரிதாக ஒன்றும் உழைப்பதில்லை. உடம்பு சூடாவதும் இல்லை. அதனால் அந்தப் பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. மூட்டு இறுகாமல் இருக்க அது அவசியம். நோயாளி தானே கணுக்காலை ஆட்டினால் கெண்டைக்கால் தசை சிரைகளை அமுக்கி ரத்தத்தை மேலே தள்ளும். காலில் ரத்தம் தேங்கி உறைவதைக் குறைக்க அது உதவும். கட்டாயம் செய்யுங்கள். ஆனால் முதுகின் அடித் தோலுக்கு அதனால் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

கொஞ்சமாவது கிடைக்குமே என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு தடை இருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது இடுப்பின் பின்பக்க எலும்பு மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய தோலும் கொஞ்சம் சதையும். வயதானவர்களுக்கு அந்தச் சதையும் கிடையாது. நம் எல்லோருக்கும் ரத்த அழுத்தக் கணக்கு மனப்பாடம்: 120-க்கு 80. அது பெரிய குழாயில் இருக்கிற அழுத்தம். தோலில் ஓடுகிற, மயிரைவிட மெல்லிய குழாய்களில் அவ்வளவு கிடையாது. லாண்டிஸ் என்பவர் 1930-இல் விரல் நகத்தின் ஓரத்துத் தோலில் அளந்தபோது, அந்தக் குழாயின் தொடக்கத்திலேயே சராசரி 32 தான் இருந்தது. எல்லா ஆளுக்கும் எல்லா இடத்துக்கும் அதே எண் பொருந்தாது. ஆனால் எவ்வளவு சின்ன அழுத்தம் என்று புரிந்துகொள்ள அது போதும். உடம்பின் பாரம் அதை அமுக்கி மூடுவதற்குப் பெரிய பலம் தேவையில்லை. தோட்டத்து ஓஸ் பைப்பின் மேல் ஒருவர் ஏறி நின்றுகொண்டிருக்கும்போது இன்னொருவர் குழாயை எவ்வளவு திறந்து விட்டால் என்ன? முதலில் அவர் இறங்க வேண்டும்.

நமக்கு ஏன் இது வருவதில்லை? நாம் தூக்கத்திலேயே புரண்டு படுக்கிறோம். அமுங்கிய இடம் உறுத்த ஆரம்பித்ததும் உடம்பு நம்மை எழுப்பாமலே திருப்பிப் போட்டுவிடுகிறது. பக்கவாதம் வந்தவருக்குத் திரும்பப் பலம் இல்லை. முதுகுத் தண்டில் அடிபட்டவருக்கு உறுத்துவதே தெரியாது. நாள்பட்ட சர்க்கரை நோயாளிக்கும் குதிகாலில் உணர்ச்சி மங்கியிருக்கும். எலும்பு முறிந்தவரோ வலிக்குப் பயந்து அசையமாட்டார். எங்கள் சொல்தா அப்படித்தான். கணுக்கால் டிரில் நாள் முழுக்க நடந்தது. இடுப்பு மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

பாரம் விலகியதும் தோல் என்ன செய்கிறது என்பதை எங்களைப் போன்ற அரசு ஓய்வூதியர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அரியர்ஸ் வாங்குகிறது. கொஞ்ச நேரம் ரத்தம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், திறந்துவிட்டவுடன் நிலுவை எல்லாம் சேர்த்து ஒரே பட்டுவாடா. அதனால்தான் அந்த இடம் சிவக்கிறது, சூடாக இருக்கிறது. விரலால் அமுக்கினால் சிவப்பு வெளுத்து, எடுத்ததும் திரும்ப வரும். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அது நல்ல சிவப்பு. அமுக்கினாலும் வெளுக்காத சிவப்பு கெட்ட சிவப்பு. அங்கே கீழே சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இதில் இன்னொரு சங்கடம், தோலை விட உள்ளே எலும்பை ஒட்டிய சதை சீக்கிரம் சாகக்கூடியது. மேலே சின்னக் கறை போலத் தெரியும்போது உள்ளே பெரிய பள்ளம் தயாராகிக்கொண்டிருக்கலாம்.

சிவப்பு, சிவப்பு என்கிறேன். அது வெள்ளைக்காரர் தோலை வைத்து எழுதப்பட்ட பாடம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா ஓடியோ தெரியலாம். சில சமயம் எதுவுமே தெரியாது. கையை வைத்துப் பார்க்க வேண்டும்: பக்கத்து இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, சேறு போலக் கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறார்களா. கண்ணைவிட விரல்தான் இங்கே சாட்சி.

என் அக்காவுக்கு இப்போது 83 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நான் இருப்பதற்கு இரண்டு தெரு தள்ளி மகன் வீட்டில் இருக்கிறாள். சொல்தாவைப் பார்த்திருந்ததால் முதல் நாளே நான் மருமகளிடம் சொன்னேன், "தினம் உடம்பு துடைக்கும்போது இடுப்புக்குக் கீழே பார்த்துச் சொல்லும்மா." அக்காவுக்குப் பேச்சு போகவில்லை. "என்னத்தப் பார்க்கறது? நான் என்ன குழந்தையா? தம்பி, நீ வெளியே போ" என்றாள். நான் வெளியே போனேன். ஆனால் அவள் மருமகளையும் பார்க்க விடவில்லை. நாலு நாள் இந்தப் போராட்டம் நடந்தது.

இதைத்தான் நாகரிகம் என்று மேலே சொன்னேன். வாழ்நாள் முழுக்க முந்தானை நழுவாமல் இருந்த பெண்மணி. அவளுடைய கூச்சத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் படுக்கைப் புண் இந்தக் கூச்சத்துக்குள்தான் வளர்கிறது. ஆண்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. மகன் பார்க்கக் கூடாது, மருமகள் பார்க்கவே கூடாது என்பார்கள். கடைசியில் யாரும் பார்க்கமாட்டார்கள், வாடைதான் வந்து சொல்லும். எங்கள் வீட்டில் வழி கண்டுபிடித்தது உதவிக்கு வரும் அம்மாள். "நான் பார்க்கலை ஆயா, கையை மட்டும் வச்சிக்கறேன். நீங்க போர்வையைப் போத்திக்கங்க" என்றாள். அக்கா ஒத்துக்கொண்டாள். இரண்டாவது மாதம் அந்தக் கைதான் கண்டுபிடித்தது. "ஐயா, வலப் பக்கம் ஒரு எட்டணா அளவு சூடா, கல்லு மாதிரி இருக்கு" என்று வந்து சொன்னாள். டாக்டரை வரவழைத்தோம். அந்த இடத்தில் பாரமே விழக் கூடாது என்றார். எட்டு ஒன்பது நாள் மல்லாக்கப் படுக்கவே விடவில்லை. தோல் உடையாமல் அது அடங்கிவிட்டது.

அந்த அம்மாளுக்கு நர்ஸிங் படிப்பு ஏதும் கிடையாது. பத்தாவதுகூட முடிக்கவில்லை. அவளுக்குக் கொடுக்கிற சம்பளத்தைப் பற்றி இந்தத் தெருவில் சிலர் "இவ்வளவா?" என்று கேட்டார்கள். புண் வந்த பிறகு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கட்டுகிற பில்லைக் கேட்டுவிட்டு வந்து பேசச் சொன்னேன்.

பிரெஞ்சில் படுக்கைப் புண்ணுக்கு எஸ்கார் என்று பெயர். பழைய கிரேக்கத்தில் அடுப்பு, கணப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. கரிந்து போன தழும்பைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று புரியும். இந்த எஸ்காரோடு பிரான்சில் ஒரு நீண்ட வழக்கே நடந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அம்ப்ருவாஸ் பாரே என்று ஒரு ரண வைத்தியர். நாவிதர் தொழிலிலிருந்து அரசரின் வைத்தியரானவர். 1569-இல் தொடையில் குண்டடி பட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த ஒரு பிரபுவைப் பார்க்க அனுப்பப்பட்டார். பிரபுவின் இடுப்பின் அடியில் பெரிய புண். பாரே குண்டடிக்கு வைத்தியம் பார்த்ததோடு நிற்கவில்லை. படுக்கையை மாற்றினார். புண் இருக்கும் இடம் எதன் மேலும் அழுந்தாமல் இருக்கும்படி இறகு வைத்துச் சின்னத் தலையணை செய்யச் சொன்னார். நல்ல சாப்பாடு கொடுக்கச் சொன்னார். பிரபு பிழைத்துக்கொண்டார். ஆக, 450 வருஷத்துக்கு முன்பே விடை தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு விடையைத் தொலைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரீஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ இருந்தார். நரம்பு வைத்தியத்தில் மகா மேதை. இன்றைக்கும் சில நோய்களுக்கு அவர் பெயர்தான். மூளையிலும் முதுகுத் தண்டிலும் ஏற்படும் சேதமே நேராகத் தோலைப் புண்ணாக்குகிறது என்று அவர் சொன்னார். அப்படி வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம் என்றார். மேதை சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? நரம்பினால் வருகிறது என்றால் தாதி என்ன செய்ய முடியும்?

இத்தனைக்கும் அதற்கு முன்பே பிரவுன்-செக்கார் என்பவர் வேறு மாதிரி காட்டியிருந்தார். மொரீஷியஸ் தீவில் பிறந்தவர். (நம் ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பலேறிப் போன அதே மொரீஷியஸ்.) முதுகுத் தண்டு வெட்டப்பட்ட பிராணிகளை வைத்துப் பார்த்து 1850-களில் அவர் எழுதியது: ஒரே இடம் தொடர்ந்து அமுங்காமலும், மூத்திரத்தில் ஊறாமல் கழுவிச் சுத்தமாகவும் வைத்திருந்தால் புண் வருவதில்லை. நரம்பு அறுந்திருந்தும் வருவதில்லை! என்னைக் கேட்டால் தீர்ப்பு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஷார்கோவின் நாற்காலி பெரியது.

தீர்ப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் குட்மான். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத டாக்டர். 1944-இல் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் முதுகுத் தண்டில் அடிபட்ட போர்வீரர்களுக்கான பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை அப்படிப்பட்டவர்கள் புண்ணாலும் மூத்திரக் கோளாறாலும் சீக்கிரம் செத்துப் போவார்கள் என்பதுதான் வழக்கம். இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும் என்று குட்மான் உத்தரவு போட்டார். சரியாகச் செய்கிறார்களா என்று நடு ராத்திரியில் தாமே வந்து பார்ப்பாராம். ஆட்கள் பிழைத்தார்கள். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர்களில் சிலர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அம்பெய்தார்கள். இன்றைய பாராலிம்பிக் பந்தயங்களின் தொடக்கம் அது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் தெருவுக்கு வந்தால், "படுக்கையில விழுந்தா புண் வரத்தானே செய்யும், அது விதி" என்கிறார்கள். எல்லாப் புண்ணையும் தடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கடைசி நாட்களில் உடம்பே கைவிடும்போது எவ்வளவு பார்த்தாலும் வரும் புண்ணும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டாரைக் குற்றம் சொல்வது பாவம். ஆனால் மூன்றாவது வாரத்தில், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்த ஆளுக்கு வந்தது விதியில்லை.

சரி, வீட்டில் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதெல்லாம் டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்டுக்கொண்டு செய்தது. முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு அமுங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து முப்பது டிகிரி சாய்ப்புதான். முட்டிகளுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி. சாப்பாடு கொடுக்கத் தலைப்பக்கத்தை உயர்த்தினால், விழுங்கி முடித்துச் சிறிது நேரம் போனதும் டாக்டர் சொன்ன அளவுக்கு இறக்கிவிடுவோம். உயர்த்தியே வைத்தால் ஆள் மெல்லக் கீழே சரிவார். தோல் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் சரியும். உள்ளே குழாய்கள் முறுக்கிக் கிழியும். மேலே இழுக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று இழுப்பதும் அதே கேடுதான். அடியில் ஒரு மடித்த வேட்டியைப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துவோம்.

கால் பயிற்சியை நாங்கள் விடவில்லை, திருத்திக்கொண்டோம். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டேன், "வெறுமே காலை ஆட்டுவதற்குப் பதில், இடுப்பு மெத்தையை விட்டு எழும்புகிற மாதிரி ஏதாவது கற்றுக்கொடுக்க முடியுமா?" கற்றுக்கொடுத்தார். இரண்டு முட்டியையும் மடக்கி, இடது முட்டியை உதவிக்கு வரும் அம்மாள் பிடித்துக்கொள்ள, அக்கா வலது காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவாள். முதலில் ஒரு காகிதம் நுழையும் அளவுதான். இப்போது பெட்பேன் தாராளமாக நுழைகிறது. அந்தத் தூக்கலில்தான் காலின் உழைப்பு முதுகுத் தோலுக்கு உண்மையாக உதவுகிறது. அமுங்கின குழாய் அந்த நேரத்துக்குத் திறக்கிறது. ஆனால் சில நொடி திறப்பு போதாது, நிலுவை தீர ஒன்றிரண்டு நிமிடமாவது வேண்டும். ஆகவே இது புரட்டிப் போடுவதற்கு மாற்று இல்லை, கூடுதல். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாசமுள்ள வீடுகளில்தான் அதிகம் தேய்க்கிறார்கள். ரத்த ஓட்டம் வரட்டும் என்று ஸ்பிரிட், நல்லெண்ணெய், பவுடர் என்று ஆளுக்கொன்று. ஏற்கெனவே நைந்த இடம் அது. தேய்த்தால் உள்ளே இன்னும் நைந்து போகும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தை வாங்கி வைப்பவர்கள் அதைப் பரணில் போடலாம். அந்த வளையம் சுற்றிலும் அமுக்கி, நடுவில் இருக்கிற தோலுக்கு வரும் ரத்தத்தையும் குறைத்துவிடுகிறது. மோட்டார் வைத்த ஏர் பெட் நல்லதுதான், எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிப் போட்டுவிட்டு இனி திருப்ப வேண்டாம் என்று நினைப்பவர்கள் கரண்ட் போகும் ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிறகு சாப்பாடு. கஞ்சியும் ரொட்டியும் மட்டும் கொடுத்தால் தோல் எதை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்? முட்டை, மீன், பருப்பு, எது செல்லுமோ அது. அக்காவுக்கு வஞ்சிரம் என்றால் பக்கவாதமே மறந்துவிடும்.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, மணி, எந்தப் பக்கம், தோல் எப்படி, யார் திருப்பினது என்று ஐந்து கட்டம். மருமகள் முதலில் சிரித்தாள், "மாமா ஆபீசை இங்க கொண்டாந்துட்டாரு" என்று. ஆபீசில் நான் கற்றுக்கொண்ட ஒரே விஞ்ஞானம் இதுதான்: படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அதை நிரப்ப ஒரு ஆள் வருவான். கட்டம் இல்லாத வேலையை எல்லோரும் இன்னொருத்தர் செய்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். ஆகவே ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கு, அது அரசோ தனியாரோ, ஒரு பழைய எழுத்தனின் கோரிக்கை: டிஸ்சார்ஜ் தாளில் ஒரு கட்டம் போடுங்கள். "நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறை வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதா? கற்றுக்கொடுத்தவர் கையொப்பம். கற்றுக்கொண்டவர் கையொப்பம்." பதினைந்து நிமிட வேலை. மருந்துக் கடைச் செலவு ஒன்றும் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் கட்டாயம் கற்றுக்கொடுப்பார்கள். கையெழுத்துக்கு இருக்கும் பயம் எனக்குத் தெரியும்.

படுக்காமல் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும் இது உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கால் மணிக்கொரு தரம், முடியாவிட்டால் அரை மணிக்கொரு தரமாவது, கையை ஊன்றி எழும்பியோ முன்னால் குனிந்தோ பக்கம் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். சாய்வு நாற்காலியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, சீரியல் முடிந்து எழுந்திருக்கும் என் வயதுக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் கணக்கில் சேராது.

ராத்திரி எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று இரண்டு பேர் ஏற்கெனவே நேரில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நோயாளியைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த கதையும் நம் ஊரில் உண்டு. இரண்டு மணி என்பது வேதவாக்கு இல்லை. மெத்தை, தோலின் நிலை, நோயாளி தானாக எவ்வளவு அசைகிறார் என்பதைப் பொறுத்து டாக்டர் நீட்டிக் கொடுக்கலாம். எங்களுக்கு ஏர் பெட் இருப்பதால் ராத்திரியில் நாலு மணி நேரம் என்று அனுமதி வாங்கினோம். பத்து மணிக்கு மருமகள், இரண்டு மணிக்கு அக்காவின் மகன், ஆறு மணிக்கு நான். எனக்கு எப்படியும் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. மெட்ராஸ் பஸ் சத்தம் கேட்கும்போது சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். அக்கா பெரும்பாலும் முழித்துக்கொண்டுதான் இருப்பாள். "வந்துட்டியா? அந்த நோட்டுல மொதல்ல எழுதிட்டு அப்புறம் என்னைத் திருப்பு, இல்லன்னா மறந்துடுவே" என்பாள். இல்லை, முதலில் திருப்பிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று நான் விதியைச் சொல்வேன். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.